மணியை அடித்தவர் யார்? பழைய தீயணைப்பு நிலையம் பற்றி ஒரு கேள்வி

ஓடம்போக்கிக் கரையான் எழுதியது:

திருவாரூரில் எழுபதுகளின் இறுதியிலும் எண்பதுகளிலும் சிறுவர்களாக இருந்தவர்களிடம் ஒரு கேள்வி. நாங்கள் குடியிருந்த தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில் தீயணைப்பு நிலையம் இருந்தது. பள்ளி விட்டால் வீட்டுக்குப் போவதற்கு முன் அங்கே பத்து நிமிடம் நின்று வேடிக்கை பார்ப்பது எனக்கும் என் அண்ணனுக்கும் வழக்கம். தீயை அணைத்துத் திரும்பிய நாட்களில், நனைந்த கித்தான் குழாய்களை வேப்பங்கிளையில் நீளமாகத் தொங்கவிட்டிருப்பார்கள். ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சை பிடித்து நூல் இற்றுவிடும், அடுத்த முறை தண்ணீரைத் திறந்ததும் குழாய் வெடிக்கும் என்று ஏட்டு மாமா விளக்கியிருக்கிறார். அவர் உண்மையில் முன்னணி தீயணைப்போர். ஆனால் காக்கி உடுத்திய எல்லோருமே அந்த வயதில் எங்களுக்கு ஏட்டுதான்.

சுவரில் வரிசையாக மாட்டியிருந்த சிவப்பு மணல் வாளிகளின் அடி உருண்டையாக இருக்கும். தரையில் நிற்காத வாளியை யார் செய்தார்கள் என்று நான் கேட்டதற்கு, "தரையில் நின்றால் மறுநாளே யாராவது கிணற்றடிக்குக் கொண்டுபோய்விடுவார்களே, தம்பி" என்று சிரித்தார். ஆயுத பூசையன்று வாழைக்கன்று கட்டிய வண்டியின் முன்னால் எங்களுக்குப் பொரியும் சுண்டலும் கிடைக்கும். அதற்கு முதல்நாள் வண்டியின் பித்தளை மணியைப் புளி போட்டுத் தேய்க்கும் வேலையை எங்களிடம் கொடுத்ததுதான் என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த முதல் அரசுப் பணி.

அந்த மணியைப் பற்றித்தான் இப்போது வழக்கு. வண்டி ஓடும்போது ஓட்டுநரே அதை அடித்தார் என்கிறார் அண்ணன்; பக்கத்தில் அமர்ந்தவர் அடித்தார் என்கிறேன் நான். இதைத் தீர்த்துவைப்பதோடு, அந்த நிலையத்தையும் அங்கிருந்தவர்களையும் பற்றி நினைவிருப்பவற்றையும் எழுதுங்கள்.

கீழவீதி எழுதியது:

மணியைப் பற்றி என்னால் சாட்சி சொல்ல இயலாது. எனக்கு அந்த வண்டி என்றாலே ஆழித்தேர்தான். தேரோட்டத்தன்று நிலையத்திலிருந்து ஒரு வண்டி வந்து தேருக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டே நான்கு வீதிகளையும் சுற்றும். சிறுவர்களுக்கு அது இன்னொரு வேடிக்கை. பெரியவர்களுக்கு அப்படி இல்லை. 1926-இல் தேர் தீப்பிடித்து எரிந்துபோனதையும், புதிதாகச் செய்த தேர் 1930-இல் ஓடியதையும் என் பாட்டனார் கண்ணால் கண்டவர். 1970-இல், பல ஆண்டுகள் நிலையிலேயே நின்றுவிட்ட தேரை மீண்டும் ஓட்டியபோதும், அவர் முதலில் விசாரித்தது தண்ணீர் வண்டி வந்துவிட்டதா என்பதைத்தான் என்று என் தந்தை சொல்வார்.

அலங்கரித்த பிறகு 96 அடி உயரம், ஏறத்தாழ 300 டன் எடை என்றெல்லாம் தேரைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறோம். ஆனால் அந்த உயரத்தில் பெரும்பகுதி மூங்கிலும் சீலையுந்தான். பங்குனி வெயிலில் காய்ந்து நிற்கும் அதற்கு ஒரு பொறி போதும். அதனால்தான் ஊரே வடத்தைப் பிடித்து "ஆரூரா, தியாகேசா" என்று முழங்கும்போது, வண்டியில் நின்றவர்கள் மட்டும் அண்ணாந்து தேரின் உச்சியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருமுறை தேர் திருப்பத்தில் முட்டுக்கட்டைக்காக நின்றபோது, அவர்களில் இளையவர் ஒருவர் ஓடிவந்து வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அதே வேகத்தில் திரும்பிப்போய் வண்டியில் ஏறிக்கொண்டதை நான் மிக அருகில் இருந்து பார்த்தேன். அவருக்கு அன்றைய தேரோட்டம் அவ்வளவுதான்.

குடியிருப்பு வீட்டுப் பெண் எழுதியது:

என் தந்தை இந்த மாவட்டங்களில் பல நிலையங்களில் தீயணைப்போராக இருந்து ஓய்வு பெற்றவர். எனவே தீர்ப்பை நானே சொல்லிவிடுகிறேன்: தம்பியின் பக்கந்தான் நியாயம். மணி வண்டியின் இடப்பக்கத்தில் இருந்தது. ஓட்டுநருக்கு இடப்புறம் அமர்ந்தவர்தான் அதை அடிப்பார். அந்தக் காலத்து வண்டியைச் சந்தைக் கூட்டத்துக்குள் ஓட்டிச்செல்ல ஓட்டுநருக்கு இரண்டு கைகளே போதாது.

நிலையத்திலும் ஒரு மணி இருந்தது. அது அடித்தால் அப்பா சோற்றைப் பிசைந்த கையை உதறிவிட்டு எழுந்து ஓடுவார். எச்சில் தட்டை மூடிவைக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். எங்கள் அம்மா மட்டும் அதை முறத்தால் மூடிவைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். சில நாட்களில் அப்பா அரை மணி நேரத்தில் வந்துவிடுவார். சில நாட்களில் அந்தச் சோறு மறுநாள் காலையில் மாட்டுக்குப் போகும்.

போன இடமெல்லாம் தீ என்று நினைத்துவிடாதீர்கள். கிணற்றில் விழுந்த கன்றுக்குட்டி, ஓட்டுக்குள் புகுந்த பாம்பு, ஆடிப்பெருக்கன்று ஆற்றில் இறங்கிக் காணாமற்போன பிள்ளை என்றுதான் பாதி அழைப்புகள் வரும். மேட்டூர் திறந்து ஆறுகளில் தண்ணீர் வந்துவிட்டால் அப்பாவின் பேச்சு குறைந்துவிடும். கயிற்றையும் பாதாளக் கரண்டியையும் எடுத்துக்கொண்டு போன நாட்களில், திரும்பி வந்ததும் யாரிடமும் பேசாமல் நேரே குளிக்கப் போவார். என்ன ஆயிற்று என்று நாங்கள் கேட்கக் கூடாது.

சித்திரை முதல் நாளை ஊரார் மாங்காய்ப் பச்சடியோடு தொடங்கும்போது, அப்பா அயர்ன் செய்த சீருடையோடு நிலையத்துக்குப் போய்விடுவார். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் பஞ்சு மூட்டைகளையும் வெடிமருந்தையும் ஏற்றியிருந்த ஃபோர்ட் ஸ்டிகைன் கப்பல் வெடித்தபோது, தீயை அணைக்கப் போன 66 பேர் உயிரிழந்தார்கள். அவர்களுக்கான மௌன அஞ்சலி முடிந்த பிறகே எங்கள் வீட்டில் புத்தாண்டு பிறக்கும்.

வடக்குக் கொல்லை எழுதியது:

எல்லோரும் நல்லதையே எழுதுகிறீர்கள். நிலையத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு அது பொருத்தமே. நிலையத்திலிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளி, கீற்றுக் கூரையின் கீழ் வளர்ந்தவனின் கதை கொஞ்சம் வேறு. ஒரு மாசி மாதம் எங்கள் வைக்கோல் போரில் தீப்பிடித்து, காற்றில் பக்கத்துக் கூரைக்கும் தாவிவிட்டது. தொலைபேசி இருந்த கடைக்குச் சைக்கிளில் ஆள் போய்ச் சொல்லி, வழியில் மூடிக்கிடந்த ரயில்வே கேட்டைத் தாண்டி வண்டி வந்து சேர்வதற்குள் இரண்டு வீடுகள் சாம்பலாகிவிட்டன. வந்தவர்களை ஊரார் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். என் தந்தையும் ஏசினார்.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். வைக்கோல் போரை வெறும் தண்ணீரால் அணைக்க முடியாது. மேலே நனைந்து கறுத்துக் கிடக்கும், உள்ளே கனல் உயிரோடு இருக்கும். வண்டியில் இருக்கும் சுமார் 4,500 லிட்டர் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். எனவே குளத்தில் குழாயை இறக்கித் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே, கொக்கித் தடியால் போரை அடுக்கடுக்காகப் பிரித்துப் போட்டு நனைத்தார்கள். இரவு முழுவதும் அந்த வேலை நடந்தது. விடியற்காலையில் என் தந்தையே அவர்களுக்கு நீராகாரம் கொண்டுபோய்க் கொடுத்தார். ஏசியதைப் பற்றி இரு தரப்பும் பேசிக்கொள்ளவில்லை. 2018 நவம்பரில் கஜா புயலுக்கு மறுநாள், தென்னைகள் விழுந்து அடைத்திருந்த சாலையை மரம் அறுக்கும் இயந்திரத்தோடு திறந்துகொண்டு அதே காக்கிச் சட்டைகள் வந்தபோது, கேட்பதற்கு முன்பே இளநீர் வெட்டினோம். அன்று எங்களிடம் இளநீருக்கு மட்டும் பஞ்சமில்லை.

ஓடம்போக்கிக் கரையான் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. வடக்குக் கொல்லை ஐயா எழுதியதைப் படித்த பிறகுதான், நாங்கள் வேடிக்கை பார்த்த அந்த வேப்பமரத்துக் குழாய்கள் எங்கெங்கே நனைந்துவிட்டு வந்திருக்கும் என்று யோசிக்கத் தோன்றியது. எல்லாவற்றையும் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். மணி இடப்பக்கத்தில் இருந்ததை அவர் ஒப்புக்கொண்டுவிட்டார். ஆனால் அதன் நாக்கில் கயிறு கட்டியிருக்கவில்லை, வெறுங்கையால்தான் அடித்தார்கள் என்று இப்போது புதிய வழக்கொன்றைத் தொடுத்திருக்கிறார். புளி போட்டுத் தேய்த்தவன் நான், கயிற்றை அவிழ்த்து ஓரமாக வைத்தவனும் நான். குடியிருப்பு வீட்டு அக்கா தந்தையாரிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொன்னால் நன்றாக இருக்கும்.