வெளியே நிற்கும் ஹீட் பம்ப்: நீங்கள் பட்ட பாடு என்ன?

கேரி, வட கரோலைனா

போன ஜனவரியில் எனக்கு நடந்ததை எழுதுகிறேன். உங்களுக்கும் ஏதாவது நடந்திருந்தால் கீழே சேருங்கள். நாலு வீடியோ பார்த்துவிட்டு ஸ்க்ரூட்ரைவரோடு கிளம்புகிற என்னைப் போன்றவர்களுக்கு உதவும்.

எங்கள் பக்கம் பல வீடுகளில் ஏசியும் ஹீட்டரும் ஒரே பெட்டிதான். கொல்லையில் நிற்கிற ஹீட் பம்ப் கோடையில் வீட்டுச் சூட்டை வெளியே தள்ளும், குளிர்காலத்தில் வெளிக்காற்றில் இருக்கிற கொஞ்சநஞ்சச் சூட்டையும் இழுத்து உள்ளே கொடுக்கும். அன்று காலை வீடு 62 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு இறங்கிவிட்டது. வெளியே போய்ப் பார்த்தால் பெட்டி முனகுகிறது, ஃபேன் சுற்றவில்லை. மிஷின் தன் மேல் படிந்த பனியைத் தானே உருக்குகிற டீஃப்ராஸ்ட் ஓடும்போது ஃபேன் தானாக நிற்கும் என்று தெரியும். அதனால் கால் மணி நேரம் குளிரில் நின்று பார்த்தேன். ஃபேன் அசையவே இல்லை, சூட்டை இழுக்கிற குழாய்ச் சுருளான 'காயில்' மேல் பனி மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது.

உள்ளே வந்து தெர்மோஸ்டாட்டை ஆஃப் செய்தேன். முனகல் நின்றது. அதுதான் நின்றுவிட்டதே என்று பக்கத் தகட்டின் திருகுகளைக் கழற்றிவிட்டுக் கையை உள்ளே விடப் போனேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் இதே தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவர். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு அதட்டல் போட்டார். கை அப்படியே நின்றது. வந்தவர் ஒன்றும் பேசாமல் மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பெட்டியின் இரும்பிலும், இன்னொன்றை கான்டாக்டரிலிருந்து (தெர்மோஸ்டாட் சொன்னால் கரண்டை விடுகிற சுவிட்ச்) கம்ப்ரசருக்குப் போகும் திருகிலும் வைத்தார். 120 வோல்ட்.

விஷயம் இதுதான். யூனிட்டுக்கு வருவது 240 வோல்ட், இரண்டு லைவ் கம்பி. வீட்டு யூனிட்கள் நிறையவற்றில் ஒற்றைத் துருவ கான்டாக்டர்தான் இருக்கும். தெர்மோஸ்டாட்டை அணைத்தால் ஒரு கம்பிதான் துண்டாகும். இன்னொன்றில் கம்ப்ரசர் வரைக்கும் கரண்ட் நிற்கும். மிஷின் ஓடவில்லை என்பதால் கரண்ட் இல்லை என்று நினைத்துவிட்டேன்.

அவர் முதலில் வீட்டு மெயின் பேனலில் இரட்டை பிரேக்கரை அணைக்கச் சொன்னார். அப்புறம் சுவரில் இருக்கும் டிஸ்கனெக்ட் பெட்டியின் கைப்பிடியை உருவினார். வெறும் கைப்பிடியை உருவினால் போதாதா என்று கேட்டேன். யூனிட் பக்கம்தான் செத்திருக்கும், பேனலிலிருந்து வருகிற கம்பிகள் அந்தச் சின்னப் பெட்டிக்குள் 240 வோல்ட்டோடு காத்துக்கொண்டிருக்கும் என்றார். பிறகு மீட்டரை வெளிச்சுவரில் வேலை செய்கிற ஒரு பிளக்கில் வைத்துப் பார்த்தார், அடுத்து யூனிட்டில், மறுபடியும் பிளக்கில். மீட்டரே கெட்டிருந்தாலும் பூஜ்யம்தானே காட்டும்! நான் பார்த்த எந்த வீடியோவிலும் இதைச் செய்யவில்லை.

அவர் சந்தேகப்பட்டது கெபாசிட்டரை, கம்ப்ரசரும் ஃபேனும் சுற்ற உதவுகிற பாகம். ஒரு டம்ளர் உயரத்தில் வெள்ளி நிற உருளை. தலையில் மூன்று முனைகள்: 'சி' (இரண்டுக்கும் பொது), 'ஹெர்ம்' (கம்ப்ரசர்), 'ஃபேன்'. கரண்டை அணைத்த பிறகும் அது பிடித்து வைத்திருக்கும். அவர் ரெசிஸ்டர் கட்டிய ஒயரை சி-க்கும் ஹெர்முக்கும் நடுவே சில நொடி பிடித்தார், பிறகு சி-க்கும் ஃபேனுக்கும் நடுவே. மீட்டரில் வோல்ட் இல்லை என்று பார்த்த பிறகுதான், எந்த ஒயர் எங்கே என்று போட்டோ எடுக்கச் சொல்லிவிட்டுக் கழற்றினார். மேல்மூடி பூரி மாதிரி உப்பியிருந்தது. லேபிளில் 45/5 மைக்ரோஃபாரட் என்று இருந்தது. கம்ப்ரசர் பக்கம் 44 காட்டியது, ஃபேன் பக்கம் 5-க்கு 1.6. அவ்வளவுதான் நோய். புதியதற்கு 25 டாலர். மைக்ரோஃபாரட் அதேதான் இருக்க வேண்டும், வோல்ட் கூடலாம், குறையக் கூடாது. 370 இருந்த இடத்தில் 440 போடலாம், திருப்பிப் போடக் கூடாது.

எடிசன், நியூ ஜெர்சி

எனக்கு நடந்தது சிரிப்புக் கதை. அத்தை கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார். விடிகாலை ஆறு மணிக்குக் கதவைத் தட்டுகிறார்: "மாப்பிள்ளை, கொல்லையில மிஷின் பத்திக்கிச்சு, புகையா வருது!" நான் ஸ்வெட்டரைத் தேடிப் போட்டுக்கொண்டு ஓடுவதற்குள் வாளித் தண்ணீரோடு படியில் நிற்கிறார்.

இட்லிப் பானையைத் திறந்த மாதிரி வெள்ளையாக ஆவி. அதுதான் முதலில் எழுதியவர் சொன்ன டீஃப்ராஸ்ட். குளிரில் ஓடும்போது வெளிக்காயிலில் உறைபனி படியும். அதை உருக்க, ரிவர்சிங் வால்வ் 'புஸ்' என்று திரும்பி, மிஷின் கொஞ்ச நேரம் ஏசியாக ஓடிச் சூட்டை வெளிக்காயிலுக்கு அனுப்பும். ஃபேன் நிற்கும், ஆவி கிளம்பும், பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஆவிக்கு வாசனை கிடையாது. பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தால் அது வேறு கதை, உள்ளே போய் பிரேக்கரை அணைத்துவிடுங்கள். அத்தைக்கு இதையெல்லாம் விளக்கினேன். "என்ன எழவோ" என்று வாளியை ரோஜாச் செடிக்கு ஊற்றிவிட்டுப் போனார்.

ஸ்கார்பரோ, டொராண்டோ

எங்கள் வீட்டில் நடந்தது சிரிப்பதற்கில்லை. போன மாசியில் யூனிட் முழுக்க ஐஸ் மூடி ஒரு பெரிய பனிக்கட்டியாக நின்றது. நான் ஆளைக் கூப்பிடுவோம் என்றேன். இவர் கேட்கவில்லை. "மெல்லத்தான் தட்டுறன்" என்று சுத்தியலும் உளியுமாகப் போனார். அந்த அலுமினியத் தகடுகளுக்குள்ளே ஓடுவது மெல்லிய செப்புக் குழாய். நாலாவது தட்டில் 'ஸ்ஸ்ஸ்' என்று பீறிட்டது. கையுறை போட்டிருந்தபடியால் விரல் தப்பியது, திரவமாக வருகிற வாயு பட்டால் தோல் உறைந்து புண்ணாகிவிடும். காயில் போனது, விலை விசாரித்துவிட்டுக் கடைசியில் புது யூனிட்டே போட்டோம்.

பிறகு வந்த தொழில்நுட்பத் தம்பி மேலே பார்த்தார். கூரைப் பீலி ஒழுகி, சொட்டுச் சொட்டாக யூனிட்டின் தலையில்தான் விழுந்திருக்கிறது. டீஃப்ராஸ்ட் உருக்க உருக்க மேலிருந்து தண்ணீர் வந்தால் அது பாவம் என்ன செய்யும்? மெல்லிய வெள்ளைப் பனி வந்து வந்து போவது வழமை, மணிக்கணக்காகப் போகாமல் தடித்துக்கொண்டே வந்தால்தான் பிழை. அப்போது தெர்மோஸ்டாட்டில் 'எமர்ஜென்சி ஹீட்' போட்டுவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். வெளி யூனிட்டை நம்பாமல் உள்ளே இருக்கும் மின் ஹீட்டர் மட்டும் ஓடும். பில் எகிறும், ஆனால் வீடு விறைக்காது. பனி கொட்டினால் சுற்றிவர வழித்துவிடுங்கள், கவர் போட்டு மூடாதீர்கள். ஏசியை மூடலாம், இது குளிரில்தான் மூச்சுவிட வேண்டிய சாமான்.

டாலஸ்

எங்கள் ஊர் வில்லன் எறும்பு. ஜூலையில் யூனிட் கிளம்பவில்லை. கான்டாக்டருக்குள் நெருப்பெறும்பு அடை அடையாகச் செத்துக் கிடந்தது. ஒன்று ஷாக் அடித்துச் சாகும்போது விடுகிற வாசனைக்கு அடுத்த பட்டாளம் வருமாம். தொடுமுனைகள் நடுவே பிணக்குவியல், பிறகு கரண்ட் எப்படிப் பாயும்? பிரேக்கரை அணைத்து, பிரஷ்ஷால் தட்டிவிட்டு, கருகியிருந்ததால் கான்டாக்டரையே மாற்றினேன். கரண்ட் இருக்கும்போது பூச்சி ஸ்ப்ரே அடிக்காதீர்கள், அது தீப்பிடிக்கிற சாமான்.

குழாய்க்குள் ஓடிச் சூட்டைச் சுமக்கிற கேஸ் பக்கம் மட்டும் நான் போவதில்லை. இங்கே சுத்தக் காற்றுச் சட்டத்தின் 608-ஆம் பிரிவுச் சான்றிதழ் இல்லாமல் தொட முடியாது. 2025 முதல் வரும் புது யூனிட்களில் இருக்கும் ஆர்-454பி, ஆர்-32 கேஸ்கள் இரண்டும் லேசாகத் தீப்பிடிக்கக் கூடியவை. அப்புறம், "வருஷா வருஷம் கேஸ் நிரப்பணும் சார்" என்று ஒருவர் இரண்டு கோடை என்னிடம் பணம் வாங்கினார். அது மூடிய சுற்று. கேஸ் குறைகிறது என்றால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம். ஓட்டையைத் தேடாமல் நிரப்புகிறவருக்கு நிரந்தர வருமானம்.

வேளச்சேரி, சென்னை

நான் ஏசி போர்டு சர்வீஸ் செய்கிறவன். கேரி அண்ணா எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். அவர் சொன்ன கெபாசிட்டர் வேலை பழைய மாதிரி யூனிட்டுக்குச் சரி. கம்ப்ரசர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற இன்வெர்ட்டர் யூனிட்டில் அதைத் தேடாதீர்கள், இருக்காது. அங்கே போர்டின் மேல் தடித்த கெபாசிட்டர்கள் நிற்கும், 300 வோல்ட்டுக்கு மேல் டிசி பிடித்து வைத்திருக்கும். பிரேக்கரை அணைத்த உடனே தொட்டால் ஆள் காலி. மூடிக்கு உள்பக்கம் எத்தனை நிமிடம் பொறுக்க வேண்டும் என்று ஸ்டிக்கர் இருக்கும், அதைப் படியுங்கள். பொறுத்த பிறகும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நான் தொடுவேன். ஸ்க்ரூட்ரைவரைக் குறுக்கே வைத்துப் 'பட்' என்று சுடுவதை நிறையப் பேர் வீரம் என்று நினைக்கிறார்கள். போர்டும் போகும், சில சமயம் கண்ணும் போகும்.

வீட்டில் நீங்களே செய்யக்கூடியது என்றால் காயிலைக் கழுவுவது. கரண்டை அணைத்துவிட்டுத் தோட்டத்துக் குழாயால் மெதுவாக. வண்டி கழுவுகிற பிரஷர் பம்ப் வேண்டாம், தகடெல்லாம் மடங்கிக் காற்று போகாது. உள் யூனிட் ஃபில்டரையும் பாருங்கள். 'கூலிங் இல்லை' என்று கூப்பிடுகிற வீடுகளில் பாதிக்கு மேல் எனக்கு வேலையே அதுதான்.

கேரி, வட கரோலைனா

சென்னைத் தம்பிக்கு நன்றி, இன்வெர்ட்டர் விஷயம் எனக்குத் தெரியாது. ஸ்கார்பரோ அக்கா எழுதியதைப் படித்ததும் வெளியே போய் எங்கள் கூரைத் தண்ணீர்க் குழாயைப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஒன்று எழுத மறந்துவிட்டேன். டிஸ்கனெக்ட் கைப்பிடியை உருவினால் கீழே வைக்காதே, பையில் போட்டுக்கொள், நீ உள்ளே கை வைத்திருக்கும்போது வேறு யாரும் சொருக முடியாது என்று பெரியவர் சொல்லியிருந்தார். மார்ச்சில் காயில் கழுவும்போது அப்படியே செய்தேன். கழுவி முடித்து, பிரேக்கரைப் போட்டுவிட்டு, அவசரமாக ஆபீஸ் கிளம்பிவிட்டேன். மதியம் மீட்டிங்கில் ஜாக்கெட் பைக்குள் கை விட்டால் கறுப்பாகக் கனமாக என்னவோ தட்டுப்படுகிறது. அன்று நாள் முழுக்க வீட்டைச் சூடாக்கியது உள்ளே இருக்கும் 10 கிலோவாட் மின் ஹீட்டர்தான். பில்லை மனைவியிடம் இன்னும் காட்டவில்லை.