கடையில் உட்கார ஒரு ஸ்டூல்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

மதுரை, ஜவுளிக்கடை சேலைப் பிரிவு:

11 வருடமாகச் சேலை எடுத்துப்போடும் வேலை பார்க்கிறேன். காலை ஒன்பதரைக்கு மாடி ஏறினால் இறங்க இரவு ஒன்பதாகும். மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம், டீக்குப் பத்து நிமிடம். மீதி நேரம் முழுக்க, ஆள் வந்தாலும் வராவிட்டாலும் நிற்க வேண்டும். அலமாரியில் லேசாகச் சாய்ந்தால்கூட மேலே கேமரா இருக்கிறது. மாதக் கடைசியில் சம்பளத்தில் 50 ரூபாய் குறைந்திருக்கும்.

ஆடித் தள்ளுபடி நாட்களில் ஓடிக்கொண்டே இருப்பதால் கால் வலி அவ்வளவாகத் தெரியாது. ஆள் வராத மார்கழி மதியங்கள்தான் எங்களை வாட்டின. கெண்டைக்காலில் நரம்பு நீலமாக முறுக்கிக்கொண்டு புடைத்த பிறகு டாக்டரிடம் போனேன். நடக்கும்போது கெண்டைச் சதை சுருங்கி விரிந்து ரத்தத்தை மேலே தள்ளுமாம். அசையாமல் நின்றால் ரத்தம் கீழேயே தேங்கி நரம்பு வீங்கிவிடும் என்றார். அப்போதுதான் மார்கழியின் கணக்கு எனக்குப் புரிந்தது.

இதோடு தண்ணீரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாங்கள் நிற்பது மூன்றாவது மாடி, கழிப்பறை கீழ்த்தளத்தில். ஒவ்வொரு முறையும் சூப்பர்வைசரிடம் கேட்டுத்தான் போக வேண்டும். மாதவிலக்கு நாட்களில் ஒரு ஆணிடம் எத்தனை தடவை கேட்பது? தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டோம். எனக்கு ஒரே வருடத்தில் இரண்டு முறை சிறுநீர்த் தொற்று வந்து காய்ச்சலில் படுத்தேன்.

2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். எல்லாப் பணியாளர்களுக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்ந்துகொள்ளலாம். எங்கள் மாடிக்கும் எட்டு பிளாஸ்டிக் ஸ்டூல் வந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, டம்மி பொம்மைகளுக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள். அதிகாரி வந்தால் காட்ட வேண்டுமாம். ஒன்றரை வருடம் அப்படியே கிடந்தன.

அப்புறம் புதிய சூப்பர்வைசர் வந்தார். அவரும் சர்ட் பிரிவில் நின்று நின்று மேலே வந்தவர். நாங்கள் ஆறு பேர் சேர்ந்து போய்க் கேட்டோம். அவர் பதில் சொல்லவில்லை. அன்று மூன்று மணிக்கு அந்த அடுக்கிலிருந்து ஒரு ஸ்டூலை உருவி, கேமராவுக்கு நேராகப் போட்டு அவரே உட்கார்ந்தார். "நீங்களும் உட்காருங்கம்மா, ஆள் வந்தா எந்திரிச்சுக்கலாம்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஸ்டூல் முன்பும் இருந்தது, மேலே இருப்பவர் ஒருவர் உட்காரும் வரை எங்களுக்குத் தைரியம் வரவில்லை.

உங்கள் கடையில் எப்படி? எழுதுங்கள்.

கோவை, சூப்பர் மார்க்கெட் பில்லிங்:

எங்களுக்கு ஸ்டூல் கொடுத்தார்கள் அக்கா, ஆனால் உட்கார முடியாது. கவுண்டர் நின்று வேலை பார்க்கும் உயரத்தில் இருக்கிறது. ஸ்டூலில் உட்கார்ந்தால் ஸ்கேனர் தோளுக்கு வருகிறது. இரண்டு நாளில் கழுத்து பிடித்துக்கொண்டு, மறுபடி நின்றே பில் போட்டேன். உயரமான, கால் வைக்கக் கம்பி உள்ள ஸ்டூல் கேட்டு நாலு மாதம் கழித்து இரண்டு வந்தன. ஆறு கவுண்டருக்கு இரண்டு! மணிக்கணக்குப் போட்டு மாற்றிக்கொள்கிறோம். வாங்குவதற்கு முன் வேலை பார்க்கிறவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கோழிக்கோடு, தையல் கடை:

நான் பொள்ளாச்சிக்காரி, கல்யாணமாகி இங்கே வந்தவள். மிட்டாய்த் தெருவில் வேலை. இந்தத் தெருவில் தொடங்கியதுதான் 'பெண்கூட்டு'. பி. விஜி என்ற தையல்காரர் 2009இல் கடைப் பெண்களைச் சேர்த்து ஆரம்பித்தது. கழிப்பறை வேண்டும் என்றுதான் முதலில் கேட்டார்கள். அதன் பிறகே உட்காரும் உரிமைப் போராட்டம். கேரள அரசு 2018இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டுக்கு மூன்று வருடம் முன்பு! மதுரை அக்கா தண்ணீரையும் ஸ்டூலையும் சேர்த்தே எழுதியிருக்கிறார், இங்கேயும் அது ஒரே போராட்டமாகத்தான் நடந்தது. என்னோடு வேலை பார்க்கும் மூத்த சேச்சி, பக்கத்து ஓட்டலில் கெஞ்சிக் கழிப்பறைக்குப் போன நாட்களை இன்றும் சொல்வார்.

கும்பகோணம், பாத்திரக்கடை வைத்திருப்பவர்:

முதலாளி பக்கத்திலிருந்து எழுதுகிறேன், தவறாக நினைக்காதீர்கள். பெண்கள் உட்கார்ந்திருந்தால் கடை தூங்குவதுபோல் தெரியும் என்று என் அப்பா சொல்வார், நானும் நம்பினேன். என் மனைவிக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி மூன்று மாதம் கல்லாவில் உட்கார்ந்தாள். வாடிக்கையாளர் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. அப்படியானால் கடையில் நிற்கும் நாலு பேர் ஏன் உட்காரக் கூடாது என்று அவள்தான் கேட்டாள். சுவரோரம் பெஞ்சு போட்டேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வரும் கூட்டத்திடம் அவர்கள் பேசுகிற விதமே மாறிவிட்டது, முன்பு அந்த நேரத்தில் குரலில் ஒரு சலிப்பு இருக்கும். இதை இருபது வருடம் முன்பே செய்திருக்க வேண்டும். அப்போது வேலை பார்த்தவர்களிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டியவன்.

திருநெல்வேலி, ரெடிமேட் கடை:

அக்கா, நான் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. ஸ்டூலே கிடையாது. கேட்டால் வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

மதுரை, ஜவுளிக்கடை சேலைப் பிரிவு:

பயம் சரிதான் தங்கச்சி, எனக்கும் இருந்தது. தனியாகப் போய்க் கேட்காதே. உன் மாடியில் மூத்தவர் யாரென்று பார், அவரை முன்னால் வைத்து நாலைந்து பேராகப் போங்கள். சீசன் நேரத்தில் வேண்டாம், வியாபாரம் மந்தமான மதியத்தில் கேளுங்கள். இது சட்டத்தில் இருக்கிறது என்பதைப் பணிவாகவே சொல்லுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் உங்கள் பகுதித் தொழிலாளர் உதவி ஆய்வாளர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். அதுவரை ஒரே இடத்தில் அசையாமல் நிற்காதே, குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கு, இரவில் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துப் படு. தண்ணீரை மட்டும் குறைக்காதே, நான் செய்த தப்பு அது.

கழிப்பறை எந்த மாடியில் இருக்கிறது? அதையும் எழுது.