பிரிட்ஜ் தடுப்பாட்டம்: பார்ட்னரின் கையிலுள்ள புள்ளிகளைக் கணக்கிடுவது எப்படி?

கேள்வி:
ஏலத்தில் தெற்கு, கையில் 15 முதல் 17 புள்ளி என்ற பொருளில் ஒரு நோ ட்ரம்ப் (துருப்பு இல்லாத ஆட்டம்) கேட்டார். வடக்கு நேராக மூன்று நோ ட்ரம்புக்கு, அதாவது ஒன்பது ட்ரிக் (சுற்று) வெல்ல வேண்டிய ஏலத்துக்குப் போனார். கிழக்கிலுள்ள என்னிடம் ஸ்பேடில் கிங், 9, 4. ஹார்ட்டில் கிங், ஜாக், 9, 3. டயமண்டில் கிங், 6, 2. கிளப்பில் 7, 5, 4. டம்மியில் (மேசையில் விரித்து வைத்த வடக்கின் கையில்) ஸ்பேட் 7, 3. ஹார்ட் குயின், 6, 4. டயமண்ட் ஏஸ், ஜாக், 10, 9, 5. கிளப் கிங், குயின், 8. பார்ட்னர் (மேற்கு) இறக்கிய ஸ்பேட் 6-க்கு நான் கிங் போட, டிக்ளேரர் (ஆட்டத்தை நடத்தும் தெற்கு) ஏஸால் எடுத்துக்கொண்டு டயமண்ட் குயினை இறக்கினார். அதை என் கிங் பிடித்தது. இப்போது ஸ்பேடையே திருப்புவதா, ஹார்ட்டுக்கு மாறுவதா?

பதில் 1:
ஏஸ் 4, கிங் 3, குயின் 2, ஜாக் 1 என்று சீட்டுக்கட்டு முழுவதிலும் மொத்தம் 40 புள்ளிகள். டம்மியில் 12, உங்களிடம் 10, மீதி 18. அதில் டிக்ளேரருக்குக் குறைந்தது 15 போக, பார்ட்னரிடம் 3-க்கு மேல் இருக்க வழியில்லை. ஆகவே ஹார்ட் ஏஸ், கிளப் ஏஸ் இரண்டுமே டிக்ளேரரிடம்தான். டயமண்டில் நான்கு, கிளப்பில் மூன்று, இரண்டு மேஜர் (ஸ்பேட், ஹார்ட்) ஏஸ்கள் என அவருக்கு ஒன்பது ட்ரிக் தயாராகிவிட்டதால், ஹார்ட்டுக்கு மாறினால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். பார்ட்னரின் மூன்று புள்ளிகளும் ஸ்பேட் குயின், ஜாக்காக அமைந்திருப்பது ஒன்றே நம்பிக்கை. தயங்காமல் ஸ்பேட் 9-ஐ இறக்குங்கள். இந்தக் கழித்தலை, டம்மி விரிந்தவுடன், முதல் சீட்டைப் போடுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பதில் 2:
ஏலத்தில் கேட்காமல் விட்டதும் கணக்கில் சேரும். வேறொரு ஆட்டத்தில், முதலில் பாஸ் (ஏலம் வேண்டாம்) சொன்ன ஒருவர் பின்னர் இரண்டு ஹார்ட் ஆடும்போது, ஹார்ட்டில் ஏஸ், கிங்கும் ஸ்பேடில் குயின், ஜாக்கும் காட்டிவிட்டால் பத்துப் புள்ளி ஆகிவிடுகிறது. கிளப் கிங்கும் இருந்திருந்தால் 13 புள்ளியோடு அவரே ஏலத்தைத் தொடங்கியிருப்பார் என்பதால், அந்தக் கிங் பார்ட்னரிடம் இருப்பதாகவே வைத்து ஆடலாம். வெளியே நிற்பது குயின் என்றால் 12 ஆகும். அங்கே அவ்வளவு உறுதி கூடாது.

பதில் 3:
முதல் பதிலை ஏற்கிறேன், ஆனால் ஒரு புள்ளி இடம் விட்டுக் கணக்கிடுங்கள். ஒரே இனத்தில் நல்ல ஐந்து சீட்டுகள் இருந்தால் 14 புள்ளியிலும் ஒரு நோ ட்ரம்ப் கேட்பவர்கள் உண்டு. அப்போது பார்ட்னரிடம் நான்கு புள்ளி, அதாவது ஹார்ட் ஏஸே இருக்கக்கூடும். ஏக்கோல் (Acol) என்ற ஏல முறையில் 12 முதல் 14 வரைதான் ஒரு நோ ட்ரம்ப் என்பதால், அவர்களுக்கு எதிராக இதே கழித்தல் பார்ட்னருக்கு 4 முதல் 6 புள்ளி வரை தரும். எதிரணியின் வரம்பை ஆட்டம் தொடங்குமுன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.