பழைய பிக்கிபேக் மோனோஷாக், சீல் மாத்தி கேஸ் ஏத்தியாச்சு. பின்பக்கம் உதைக்குது, ரீபவுண்ட் குமிழ் வேலை செய்யல (390 டியூக், சென்னை)

வேளச்சேரி390:
வணக்கம். 2018 மாடல் 390 டியூக். புதுப்பேட்டையில எடுத்த செகண்ட் ஹேண்ட் ஆஃப்டர்மார்க்கெட் ஷாக், மேல பிக்கிபேக் ரிசர்வாயர் (பாடியோட ஒட்டின, ஆயிலும் கேஸும் இருக்கிற சின்ன சிலிண்டர்) இருக்கு. ரெண்டு கண் சென்டருக்கு நடுவுல நீளம் ஸ்டாக் ஷாக் அளவேதான். ராடு 14 மிமீ, ஸ்ட்ரோக் 60 மிமீ, ரிசர்வாயர் உள்விட்டம் 40 மிமீ. ஸ்பிரிங்ல 150னு குத்தியிருக்கு (N/mm, அதாவது ஸ்பிரிங்கோட கனம்).

செஞ்ச வேலை: ராடு சீல், டஸ்ட் சீல், எல்லா ஓ-ரிங்கும் புதுசு. ஆயில் 10W ஃபோர்க் ஆயில். நைட்ரஜன் 10 பார். லீக் எதுவும் இல்ல.

பிரச்சனை: சின்ன மேடு ஏறினாக்கூட சீட்டு தூக்கி அடிக்குது. ரீபவுண்ட் குமிழை (அமுங்கின ஷாக் திரும்ப விரியற வேகத்தைக் கட்டுப்படுத்தறது) முழுசா மூடினாலும் திறந்தாலும் பெரிய வித்தியாசம் தெரியல. வண்டி மேல ஏறி வர்ற கடைசி கட்டத்துல "டக்"னு ஒரு சத்தம். சேக் (எடைக்கு பின்பக்கம் வீல்ல எவ்வளவு இறங்குதுங்கிற அளவு) அளந்தேன்: வண்டி வெயிட்டுக்கு மட்டும் 0, நான் ஏறினா (கியரோட 75 கிலோ) 14 மிமீ. ப்ரீலோட் (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கிற அளவு) 13 மிமீல இருக்கு. ஸ்பிரிங் மாத்தணுமா, ஷிம் (உள்ள ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தற மெல்லிய தகடு) மாத்தணுமா?

ஈசிஆர்_ஞாயிறு:
ப்ரோ, கேஸ் கம்மியா இருக்கும். 15 பார் ஏத்திப் பாருங்க, சரியாயிடும்.

லேத்துப்பட்டறை:
தயவுசெஞ்சு ஏத்தாதீங்க. அந்த கேஸ் வண்டியைத் தாங்க இல்ல, ஆயில்ல நுரையும் குமிழியும் வராம அழுத்தி வைக்கத்தான். அதுக்கு 10 போதும். 15 போட்டா சீல் ராடை இறுக்கிப் பிடிக்கும், சின்ன மேடுல இன்னும் கல்லு மாதிரி ஆகும்.

வேளச்சேரி, ஷிம் பக்கம் இப்போ போகவே வேண்டாம். ஷாக்கைக் கழட்டி, ஸ்பிரிங்கை எடுத்துட்டு, ராடைக் கையால அமுக்கிப் பாருங்க. கீழ ஒரு பாத்ரூம் வெயிட் மெஷின் வச்சு, ராடு நுனியை அதுமேல ஊணி மெதுவா அமுக்குங்க. 14 மிமீ ராடோட குறுக்குப் பரப்பு 1.54 சதுர செ.மீ. 10 பார் இருந்தா ஆரம்பத்துலயே 15–16 கிலோ காட்டணும். (16 மிமீ ராடா இருந்தா 20 கிலோ.) கையை எடுத்தா ராடு தானா முழுசா வெளிய வரணும்.

இதுல இன்னொரு சௌகரியம், கேஸ் அளக்க வால்வையே தொட வேண்டாம். ரிசர்வாயர்ல இருக்கிற கேஸ் சின்ன டம்ளர் அளவுகூட இருக்காது. டயர் கேஜை வச்சீங்கன்னா ஹோஸும் கேஜுமே பாதியைக் குடிச்சிடும். அது 6 காட்டும், நீங்க "லீக்"னு பதறுவீங்க.

வேளச்சேரி390:
பார்த்தேன் அண்ணா. முதல் 20 மிமீ ரெண்டு விரலால போயிடுது, அதுக்கப்புறம் திடீர்னு கனமாகுது, மெஷின்ல 16 கிட்ட. விட்டா வெளிய வருது, ஆனா கடைசி 20 மிமீ வராம நின்னுடுது. கையால இழுத்தா வருது, விட்டதும் மெதுவா திரும்ப உள்ள போகுது.

கிண்டி_டூல்ரூம்:
அந்தக் கடைசி வரி போதும். உள்ள காத்து இருந்தா இழுத்த இடத்துல நின்னிருக்கும். திரும்ப உள்ள போகுதுன்னா அங்க வெற்றிடம், வெளிக்காத்து ராடைத் தள்ளுது.

ரெண்டு கேள்வி. ரிசர்வாயர்ல கேஸையும் ஆயிலையும் பிரிக்கிற ஃப்ளோட்டிங் பிஸ்டனை எவ்வளவு ஆழத்துல வச்சீங்க? சீல் ஹெட்டை (ராடு சீல் உட்கார்ற தலைப்பகுதி) போட்டு, அதைப் பூட்டற சர்க்லிப் வளையத்தை மாட்டும்போது ராடு முழுசா வெளிய இருந்துச்சா?

வேளச்சேரி390:
பிரிக்கும்போது ஆழம் அளக்கல. கேஸுக்கு நிறைய இடம் இருக்கட்டும்னு பிஸ்டனை அடிவரை தள்ளி வச்சேன். சீல் ஹெட் போடும்போது ராடு கொஞ்சம் உள்ள இருந்தது, 20 மிமீ கிட்ட இருக்கும். ராடு நுனியில இருக்கிற பிஸ்டன் ஆயிலுக்கு வெளிய வந்துடக்கூடாதுன்னு அப்படி வச்சேன்.

கிண்டி_டூல்ரூம்:
கணக்கு நேரா உட்காருது. ராடு 20 மிமீ உள்ள இருக்கும்போது மூடினா, அந்த ராடோட கன அளவு 3 சிசி ஆயில் கம்மி. ராடு வெளிய வரும்போது அந்த 3 சிசியை ஃப்ளோட்டிங் பிஸ்டன் பின்னாடியே வந்து நிரப்பணும். அது ஏற்கனவே அடியில முட்டி நிக்குது, எங்க நகரும்? கேஸோட 10 பாரும் ரிசர்வாயர் சுவத்தைத்தான் தள்ளுது, ஆயிலைத் தொடவே இல்ல. அதனால மேல் 20 மிமீ ஸ்ட்ரோக்குல டேம்பிங்கே (ஆயில் குடுக்கிற தடுப்பு) கிடையாது.

இப்போ சேக் கணக்கைச் சேர்த்துப் பாருங்க. ஸ்பிரிங் இல்லாம ஷாக்கை மாட்டி, வீலை 25 மிமீ தூக்கினா ராடு எவ்வளவு நகருதுன்னு அளந்தீங்களா? 10 மிமீ கிட்ட வரும். அப்போ வீலுக்கும் ராடுக்கும் விகிதம் 2.5. நீங்க உட்கார்ந்தா வீல்ல 14 மிமீ, ராடுல வெறும் 5.6 மிமீ. ஓடுற நேரம் பூரா வண்டி அந்த வெத்து 20 மிமீக்குள்ளதான் ஆடுது. குமிழைத் திருகினா எப்படித் தெரியும்? "டக்" சத்தம் ராடு டேம்பிங் இல்லாம மேல போய் முட்டறது.

வேளச்சேரி390:
அளந்தேன், 25க்கு சரியா 10. சரி, எப்படி மூடணும்? ஆழம் எவ்வளவு வைக்கணும்? ரிசர்வாயர் மூடி அடியிலிருந்து ஃப்ளோட்டிங் பிஸ்டன் முகம் வரை அதிகபட்சம் 47 மிமீ போகுது.

லேத்துப்பட்டறை:
முதல்ல பத்திரம். கண்ணாடி போட்டு, கேஸை முழுசா இறக்கின பிறகுதான் மூடியைத் தொடணும். பழைய ஆயில் மொத்தமும் கொட்டிடுங்க, 10W வேண்டாம். W நம்பரை நம்பி வாங்காதீங்க, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டப்பாவுல 40 டிகிரியில எத்தனை சென்டிஸ்டோக்னு (ஆயிலோட கெட்டித்தன்மை அளவு) பாருங்க. ரியர் ஷாக்குக்கு 13–16 சுத்தி இருக்கிற ஷாக் ஆயில் வேணும். சாதாரண 10W ஃபோர்க் ஆயில் 30ஐத் தாண்டும். அதுல ரீபவுண்ட் இழுத்துப் பிடிச்சு, மெட்ரோ வேலை நடக்குற ரோட்டுல வரிசையா பள்ளம் வந்தா பின்பக்கம் எழும்பவே நேரம் இருக்காது, குனிஞ்சுகிட்டே போகும்.

ஆழம்: 60 மிமீ ஸ்ட்ரோக்குக்கு ராடு உள்ள தள்ளுற ஆயில் 9.2 சிசி. 40 மிமீ ரிசர்வாயர்ல ஃப்ளோட்டிங் பிஸ்டன் 7.4 மிமீ நகரும். சூட்டுல ஆயில் விரியறதுக்கு இன்னொரு 6–7 மிமீ. ஆக கேஸ் பக்கம் 14 மிமீக்குக் குறைஞ்சா பிஸ்டன் மூடியில முட்டி, ஷாக் பூட்டிக்கும். சீல் பிச்சுக்கும் இல்ல ராடு வளையும். நீங்க செஞ்சது அதுக்கு எதிர் ஓரம். நடுவுல 40 மிமீல வைங்க. ஆயில் பக்கம் 7 மிமீ மிச்சம், அதாவது 8–9 சிசி சேமிப்பு. நாளடைவுல சீல் கொஞ்சம் கசிஞ்சாலும் தாங்கும். முழுசா அமுங்கும்போது 10 பார் 12.5 கிட்ட ஆகும், அது நல்ல அளவு.

மூடுற முறை. பாடியை வைஸ்ல நிமிர்த்திப் பிடிச்சு (அலுமினிய வாய் போட்டு), ஃப்ளோட்டிங் பிஸ்டனை 44ல தள்ளி வைங்க (சீல் ஹெட் இறங்கும்போது ஆயில் அதை மூடி பக்கம் தள்ளும்). ஆயிலை விளிம்பு வரை ஊத்துங்க. டேம்பிங் குமிழ் எல்லாம் முழுசா திறந்திருக்கட்டும். ராடை இறக்கி 10 மிமீ 10 மிமீயா மெதுவா ஏத்தி இறக்குங்க. வேகமா அடிச்சா ஆயில் நுரைச்சு பால் மாதிரி ஆயிடும், அப்புறம் காத்திருந்தே நேரம் போகும். பாடியை ரப்பர் சுத்தியலால தட்டினா ஷிம்முக்குள்ள ஒளிஞ்ச குமிழி மேல வரும். கால் மணி நேரம் விடுங்க. அப்புறம் ராடு நுனி பிஸ்டன் ஆயிலுக்குக் கொஞ்சம் கீழ இருக்கிற வரை ராடை இழுத்து, ஆயில் வழிய வழிய சீல் ஹெட்டை இறக்கி சர்க்லிப் மாட்டுங்க. உடனே ராடை முழுசா வெளிய இழுத்துட்டு ஃப்ளோட்டிங் பிஸ்டன் ஆழத்தை டெப்த் வெர்னியர்ல மறுபடி அளங்க. 40க்கு மேல ஆழமா போயிருந்தா ஆயில் கம்மி. கம்மி ஆழத்துல நின்னா ஃப்ளோட்டிங் பிஸ்டன் நடுவுல இருக்கிற ப்ளீட் ஸ்க்ரூவைத் திறந்து, அதிக ஆயிலை விட்டு, 40க்குத் தள்ளி மூடுங்க.

ராடு நுனி மரைமேல டேப் சுத்தாம புது சீலை நுழைச்சிருந்தீங்கன்னா, அதையும் இப்பவே லென்ஸ் வச்சுப் பாருங்க. மரை கீறின உதடு முதல் மாசத்துல கசியாது, மூணாவது மாசம் கசியும்.

அம்பத்தூர்_குரோம்:
பிரிச்சதோட பிரிச்சதா ராடைப் பாருங்க. நகத்தை நீளவாக்குல ஓட்டினா எங்கயாவது தட்டுதா? ஒரு புள்ளி துரு இருந்தாலும் புது சீலை அரம் மாதிரி தின்னுடும். மேல் முனைப் புள்ளி பரவாயில்ல, சீல் போற பாதையில இருந்தா ராடைக் கழட்டி கிரைண்ட் பண்ணி ஹார்டு குரோம் போடணும். அம்பத்தூர், கிண்டி எஸ்டேட் ரெண்டுலயும் ஹைட்ராலிக் சிலிண்டர் ராடுக்கு இது தினசரி வேலை. "குரோம் ஏத்தின பிறகு கிரைண்ட் பண்ணி அதே 14க்குக் கொண்டு வாங்க"னு அளவைச் சொல்லியே குடுங்க, இல்லன்னா பளபளன்னு 14.1ல திரும்பி வரும். வி-பிளாக்ல உருட்டி டயல் வச்சு 0.05 மிமீக்கு மேல ஆடினா வளைஞ்ச ராடு, அதுக்கு குரோம் செலவே வேஸ்ட்.

வேளச்சேரி390:
ராடு சுத்தம், சீல் உதடும் நல்லா இருக்கு. கேஸ் மறுபடி எங்க ஏத்தறது? போன தடவை தெரிஞ்சவர் மூலமா நடந்தது, இப்போ அவர் ஊர்ல இல்ல. பெட்ரோல் பங்க்ல நைட்ரஜன் இருக்கே?

லேத்துப்பட்டறை:
பங்க்ல இருக்கிறது டயர் அழுத்தத்துக்கு, 10 பார் எதிர்பார்க்காதீங்க. ஏசி மெக்கானிக் கிட்ட கேளுங்க. ஸ்பிளிட் ஏசி பைப்ல லீக் டெஸ்ட் பண்ண நைட்ரஜன் சிலிண்டரும் ரெகுலேட்டரும் வச்சிருப்பாங்க. சிலிண்டர்ல நூறு பாருக்கு மேல இருக்கும், ரெகுலேட்டர் இல்லாம நேரா கொடுக்கவே கூடாது. முதல்ல 2–3 பார், சீல் ஹெட் சர்க்லிப்பில உட்கார்ந்துச்சான்னு பார்த்துட்டு அப்புறம் 10. ஹோஸைக் கழட்டும்போது கொஞ்சம் போகும், அதனாலதான் கடைசியா வெயிட் மெஷின் சோதனை. காத்து கம்ப்ரசர் வேண்டாம், சென்னை காத்துல பாதி தண்ணிதான். ஆக்சிஜன் சிலிண்டரை நினைச்சுக்கூடப் பார்க்காதீங்க, ஆயிலும் ஆக்சிஜனும் அழுத்தத்துல சேர்ந்தா வெடிக்கும்.

வேளச்சேரி390:
முடிஞ்சது. பிஸ்டன் 40ல நின்னது. மெஷின்ல 16 கிலோ, முதல் மிமீலயிருந்தே. ராடு தானா முழுசா வெளிய வருது. இப்போ ரீபவுண்ட் ஒவ்வொரு கிளிக்கும் கையிலயே தெரியுது. சேக் இப்போ எப்படி?

கிண்டி_டூல்ரூம்:
மாட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு: ஸ்பிரிங் இல்லாம மாட்டி, வீலை பம்ப் ரப்பர் (ஷாக் முழுசா அமுங்கும்போது முட்டற ரப்பர்) நசுங்குற வரை தூக்கிப் பாருங்க. டயர் மட்கார்டுல, ரிசர்வாயர் சப்-ஃபிரேம்ல, பிரேக் ஹோஸ் எங்கயும் இடிக்கக்கூடாது. வேற வண்டி ஷாக்கா இருந்தா இங்கதான் மாட்டும்.

அப்புறம் ப்ரீலோடை 13லயிருந்து 3 மிமீக்கு இறக்குங்க. இது கீழ் எல்லை, இதுக்கும் கம்மின்னா வீல் தொங்கும்போது ஸ்பிரிங் இருக்கையில லூஸா ஆட வாய்ப்பு இருக்கு. ரோட்டுக்கு இந்த வண்டியோட 150 மிமீ வீல் ஓட்டத்துல ஆள் ஏறினா 35–45, சும்மா நின்னா 10–15 வந்தா போதும். சேக் அளக்கும்போது ஒரு தடவை அமுக்கி விட்டு அளங்க, ஒரு தடவை தூக்கி விட்டு அளங்க, சராசரி எடுங்க. இல்லன்னா சீல் பிடிப்பு 4–5 மிமீ பொய் சொல்லும்.

வேளச்சேரி390:
ப்ரீலோட் 3: சும்மா 16, நான் ஏறி 36.

கிண்டி_டூல்ரூம்:
அப்போ ஸ்பிரிங் உங்களுக்குக் கொஞ்சம் கனம்தான். ப்ரீலோட் கீழ் எல்லைக்கு வந்தும் ஆள் சேக் 36தான், சும்மா சேக் 16 ஆயிடுச்சு. மென்மையான ஸ்பிரிங்குக்கு நேர் எதிர் அடையாளம் இது. தனியாவே ஓட்டறதா இருந்தா அதே உள்விட்டம், அதே நீளத்துல 125 தேடுங்க, 5 மிமீ ப்ரீலோட்ல சும்மா 16, ஆள் 40 கிட்ட நிக்கும். வாரம் ரெண்டு நாள் பின்னாடி ஆள் உட்கார்ந்தா 150ஐயே வச்சுக்கோங்க, அது உங்க ரெண்டு பேருக்கும் அளவான ஸ்பிரிங். அந்த நாளுக்கு 4–5 மிமீ ப்ரீலோட் ஏத்தினா போதும்.

குமிழ்: முழுசா மூடி (விரல் பலத்துக்கு மேல வேண்டாம், ஊசி முனை போயிடும்) அங்கிருந்து எண்ணி நடுவுல வைங்க. சீட்டை அமுக்கி விட்டா ஒரே தடவை மேல வந்து நிக்கணும். தாண்டிப் போய் மறுபடி இறங்கினா ரெண்டு கிளிக் மூடுங்க. சோம்பலா வந்தா ரெண்டு கிளிக் திறங்க. கம்ப்ரஷன் குமிழை ரீபவுண்ட் முடியற வரை தொடாதீங்க.

வேளச்சேரி390:
பின்னாடி மனைவி வாரத்துல நாலு நாள் வருவாங்க, 150லயே இருக்கட்டும். செயின் டென்ஷன் மறுபடி பார்க்கணுமா?

லேத்துப்பட்டறை:
கட்டாயம். பின்பக்கம் வீல்ல 20 மிமீக்கு மேல இறங்கியிருக்கு, ஸ்விங்கார்ம் கோணம் மாறிடுச்சு. சைடு ஸ்டாண்ட்ல அளக்காம, ஸ்ப்ராக்கெட், ஸ்விங்கார்ம் பிவட், பின் ஆக்சில் மூணும் ஒரே கோட்டுல வர்ற மாதிரி ஒருத்தரை உட்கார வச்சு, அந்த நிலையில கொஞ்சமாவது தளர்வு மிச்சம் இருக்கான்னு பாருங்க. செயின் அங்கதான் ரொம்ப இறுகும். ஹெட்லைட் மேல பார்க்கும், அதையும் ஒரு திருப்பு இறக்கிடுங்க.