போல்ட்டில் எஃப் இருந்தால் கண்ணாடி அசலா?

மோல்மேன்காரன்:
நேற்று சிரியம் தம்பி எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "பழைய ஜீப் கண்ணாடியைச் சரிபண்ணுவது வீண் செலவு. நகல் ஒன்றை வாங்கி மாட்டுங்கள், யாருக்குத் தெரியப்போகிறது" என்கிறார். எனக்குத் தெரியும் தம்பி. இரண்டாம் உலகச் சண்டை முடிந்த பிறகு இங்கே பர்மாவில் என் தாத்தா வாங்கிய ஃபோர்டு ஜிபிடபிள்யூ அது, அந்தச் சண்டைக்காக ஃபோர்டு கம்பெனி செய்த ஜீப். ஓட்டுநர் பக்கம், முன்கண்ணாடிச் சட்டத்தின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டக் கண்ணாடி. அதைப் பிடித்திருக்கும் போல்ட்டின் தலையில் எஃப் எழுத்து இருக்கிறது. ஃபோர்டு தான் செய்த ஜீப்புக்கு போல்ட் வரைக்கும் அந்த எழுத்தைப் பொறித்து அனுப்பியது. அதைக் கழற்றி எறியவா சொல்கிறீர்கள்?

சிரியம்செல்வன்:
எறியச் சொல்லவில்லை அண்ணே, பெட்டியில் பத்திரமாக வையுங்கள். ஓட்டுகிற வண்டிக்குப் பின்னால் வருகிற லாரி தெரிய வேண்டும். மே மாதம் பிடித்த மழை அக்டோபர் வரை விடாத ஊர் இது. விளிம்பு வழியாக ஈரம் இறங்கி ரசம் போய்விடுகிறது. உங்கள் கண்ணாடியில் பாதி கறுப்புத் திட்டு, படத்திலேயே தெரிந்தது. அப்புறம், போல்ட் அசல் என்றால் கண்ணாடியும் அசல் என்று எந்தக் கணக்கில் வருகிறது?

மோல்மேன்காரன்:
ரசம் போனால் திரும்பப் பூச வேண்டியதுதானே? நானே பக்கத்தில் இருந்து பார்த்தேன். வளையத்தை மெல்ல நெம்பி, கண்ணாடியை எடுத்து, பின்பக்கப் பெயிண்டைச் சுரண்டி, பழைய வெள்ளியைக் கரைத்து எடுத்தார் ரசம் பூசுகிற பெரியவர் ஒருவர். அதன்மேல் சில்வர் நைட்ரேட்டும் அம்மோனியாவும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை ஊற்றினார். முதலில் பழுப்பாகக் கலங்கியது. சில நிமிஷத்தில் அதே கண்ணாடியில் அவருடைய விரல் தெரிந்தது. 1835-இல் லீபிக் என்ற ஜெர்மன்காரர் கண்டுபிடித்த வழி, இன்னும் வேலை செய்கிறது. எஃப் போல்ட்டைத் திரும்ப அதே துளையில் போட்டு முடுக்கினேன். உங்கள் நகலில் அந்த எஃப் வருமா?

சிரியம்செல்வன்:
வரும். எஃப் பொறித்த போல்ட்டையே இன்று புதிதாகச் செய்து விற்கிறார்கள். பிலிப்பைன்ஸில் ஜீப்பின் உடம்பையே முழுசாகப் புதிதாக அடித்துக் கொடுக்கிறார்கள், போல்ட் எம்மாத்திரம்? உங்கள் தாத்தா காலத்து போல்ட்தான் என்பதற்கு என்ன சாட்சி?

மோல்மேன்காரன்:
என் தாத்தா சாட்சி. 1942-இல் ஜப்பான் படைக்குப் பயந்து ஊரே இந்தியாவுக்கு நடந்தபோது இங்கேயே நின்ற மனுஷர். அவர் வண்டியில் போலி போல்ட் என்று சொல்ல உங்களுக்கு எப்படி வாய் வந்தது?

பெகுஅக்கா:
தாத்தாவை யாரும் எதுவும் சொல்லவில்லை, சண்டையை வளர்க்காதீர்கள். நான் ஒரு பட்டறையை நம்பி அசல் கண்ணாடியைக் கொடுத்தேன். பளபளவென்று குரோமியம் பூசித் தந்துவிட்டார்கள். போர்க்கால ஜீப்புக்கு ஏது குரோமியம்? கண்ணாடியைத் தாங்கும் கூட்டுக்கும் பச்சைப் பெயிண்ட்தான். வெயிலில் மின்னினால் எதிரிக்குத் தெரியும் என்றுதானே பளபளப்பே வைக்கவில்லை. வாங்கி வீட்டுக்கு வந்து அழுதேன். சரிபண்ணுவதும் யார் கையில் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

சிரியம்செல்வன்:
பார்த்தீர்களா? அதற்குத்தான் நகல் வாங்கச் சொல்கிறேன்.

மோல்மேன்காரன்:
அக்காவின் கண்ணாடியில் எஃப் போல்ட் இருந்ததா? அதை முதலில் சொல்லுங்கள் அக்கா.

தட்டோன்ராஜா:
அண்ணன் படத்தில் வலப்பக்கமும் ஒரு கண்ணாடி இருக்கிறது. ஜீப்புக்கு இடப்பக்கம் ஒன்றுதான் வந்தது. அப்படியானால் வலது கண்ணாடி எங்கிருந்து முளைத்தது?

மோல்மேன்காரன்:
வரலாறு தெரியாமல் பேசக் கூடாது தம்பி. ஜீப்பில் ஓட்டுநர் இருப்பது இடது பக்கம். 1970 டிசம்பர் 6 வரை இந்த நாட்டில் சாலையின் இடப்பக்கமாகத்தான் வண்டி போனது. இடது கண்ணாடியில் நடைபாதைதான் தெரியும். முந்துகிறவனைப் பார்க்க வலப்பக்கம் ஒன்று வேண்டும், தாத்தா துளை போட்டு மாட்டினார். அந்தத் துளையும் இந்த வண்டியின் சரித்திரம்தான்.

தட்டோன்ராஜா:
தாத்தா மாட்டினால் சரித்திரம், சிரியம் அண்ணன் மாட்டினால் போலியா?

சிரியம்செல்வன்:
சரியாகக் கேட்டாய். ரங்கூனில் இதே மாதிரி இரண்டு ஜீப் பார்த்தேன், இரண்டிலும் நகல்தான், ஒருவரும் குறை சொல்லவில்லை.

மோல்மேன்காரன்:
ரங்கூன் இல்லை, 1989-லிருந்து யாங்கோன்.

சிரியம்செல்வன்:
உங்கள் பெயரே மோல்மேன்காரன். ஊர்ப்பெயரை மௌலமியாயின் என்று மாற்றியும் அதே வருஷங்கள் ஆகின்றன. என் அப்பா, அம்மா, காளி கோயில் ஐயர் எல்லாரும் ரங்கூன் என்றுதான் சொல்கிறார்கள்.

மோல்மேன்காரன்:
பேச்சை மாற்றாதீர்கள். போன தைப்பூசத்துக்கு முன்னால் என்னிடம் ஒரு கார்புரேட்டர் விற்றீர்களே, "அசல்" என்று சத்தியம் பண்ணி. அன்றைக்கு உங்களுக்கு அசல் என்ற சொல் இனித்தது. 2011-இல் நாற்பது வயதான வண்டியை ஒப்படைத்தால் வேறு வண்டி இறக்குமதிக்கு அனுமதி என்றார்கள். என் தெருவில் வரிசையாகக் கொடுத்தார்கள். நான் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் ஏர்கண்டிஷன் வைத்த ஜப்பான் காரில் போயிருப்பேன். அந்த வண்டியின் ஒரு போல்ட்டைக்கூட நான் யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.

சிரியம்செல்வன்:
கார்புரேட்டர் அசல்தான். நீங்கள் மிதவையைக் கழுவாமல் மாட்டியதற்கு நான் என்ன செய்ய?

பெகுஅக்கா:
அண்ணே, கேட்டதற்குப் பதில். என் கண்ணாடியின் போல்ட்டில் எழுத்து எதுவும் இல்லை.

மோல்மேன்காரன்:
அப்படியானால் அது வில்லிஸாக இருக்கும், அதே ஜீப்பைச் செய்த இன்னொரு கம்பெனி. நான் சொல்வது ஃபோர்டைப் பற்றி. நாளைக் காலை வெயில் வந்ததும் என் போல்ட்டின் தலையைப் படம் எடுத்துப் போடுகிறேன், கண் இருக்கிறவர்கள் பார்க்கட்டும்.

சிரியம்செல்வன்:
போல்ட் வேண்டாம் அண்ணே. கண்ணாடியின் பின்பக்கத்தைப் போடுங்கள்.

மோல்மேன்காரன்:
போல்ட்டைத்தான் போடுவேன்.