வாக்குக் கேட்க வந்து நமக்கே வகுப்பெடுத்தவர்கள்: உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்

பூவரசு:
2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலுக்கு முந்திய கிழமை. வாசிகசாலை முற்றம், பிளாஸ்டிக் கதிரை, வேட்பாளர் வரப் பிந்தியது, அதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆள் பழையவர். பெயர் வேண்டாம். பேச்சு முடிந்ததும் மாதிரி வாக்குச்சீட்டைத் தூக்கிப் பிடித்து, "இஞ்ச பாருங்கோ பிள்ளையள், இதுதான் புள்ளடி" என்று காற்றில் இரண்டு கோடு கீறினார். அதோடு விட்டிருக்கலாம். முன்வரிசையில் இருந்த என் பெரியம்மாவின் கையைப் பிடித்து, அவருடைய விரலாலேயே சீட்டில் புள்ளடி போட வைத்து, "இப்ப அம்மாவுக்கு விளங்கிச்சுதோ?" என்றார். பெரியம்மா ஓய்வுபெற்ற அதிபர். எத்தனையோ தேர்தலில் வாக்களிப்பு நிலையத்துக்குத் தலைமை தாங்கி, பெட்டிக்கு முத்திரை வைத்து அனுப்பியவர். "ஓம் தம்பி" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரோடு முடிந்தது, அடுத்த தேர்தலுக்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்க ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். அந்தத் தாளைக் கைப்பையை விட்டு எடுக்கவே இல்லை.

கரைவலை:
எங்களுக்கு நடந்தது கடற்றொழிலாளர் சங்கக் கட்டடத்தில். இழுவைப் படகுகள் அறுத்த வலைக் கணக்கைக் கொடுக்கத்தான் கூப்பிட்டிருந்தோம். வந்தவர் கணக்கை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, "சர்வதேசக் கடல் எல்லை எண்டா உங்களுக்கு விளங்காது, லேசாச் சொல்லுறன். இது உங்கட வளவு, அது பக்கத்து வீட்டுக்காரன்ர வளவு, இடையில வேலி" என்று தொடங்கினார். இரவில் ஜி.பி.எஸ். பார்த்துத் தொழில் செய்கிற பெடியளுக்கு இந்தப் பாடம்!

பிறகு, இழுவை மடியைத் தடைசெய்யச் சட்டம் ஒன்று கொண்டுவரப் பாடுபடுவாராம். அந்தச் சட்டம் 2017இலேயே நிறைவேறிவிட்டது. எங்கள் செயலாளர் எழும்பி, "சேர், சட்டம் இருக்கு, அதை நடைமுறைப்படுத்துறதுதான் இல்லை" என்றார். அவர் சிரித்துக்கொண்டே, "அது வேற தம்பி" என்றார். எது வேற? இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

நடுநிலை:
பூவரசு கோபிக்க வேண்டாம், ஆனால் இதில் அவமானம் எங்கே? அந்தத் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் 30 ஆயிரத்துக்கு மேல் வாக்குகள் நிராகரிக்கப்பட்டன. 6 ஆசனத்துக்கு 44 அணிகள், சீட்டே பாய் மாதிரி நீளம். கட்சிக்கு நேரே புள்ளடி போட வேண்டும், பிறகு அதே கட்சி ஆட்களின் இலக்கத்தில் விருப்பு வாக்கு, அதுவும் மூன்றுக்கு மேல் கூடாது. படித்தவர்களே பிழை விடுகிறார்கள். ஒரு வேட்பாளர் இதைச் சொல்லிக் கொடுக்காமல் வேறென்ன செய்வது? உங்கள் பெரியம்மா அதிபர் என்பது அவர் நெற்றியில் எழுதியா இருந்தது?

எனக்கு நடந்ததும் உண்டு, சின்ன விஷயம். மதவு உடைந்ததைச் சொல்லப் போன என்னைப் பார்த்து ஒரு சபை உறுப்பினர், "முதல்ல வரி கட்டினனீரோ?" என்றார். கட்டியிருந்தேன்.

பூவரசு:
சொல்லிக் கொடுக்கட்டும், யார் வேண்டாம் என்றது? கையைப் பிடிப்பானேன்? இளம் வயது ஆம்பிளை ஒருவர் அந்தக் கதிரையில் இருந்திருந்தால் பிடித்திருப்பாரா?

மருதங்குளம்:
என் மாமி காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர் போராட்டத்தில் இருப்பவர், 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய நாளிலிருந்து. ஒருநாள் பந்தலுக்கு வந்த ஒருவர், "அம்மாமாரே, அழுதுகொண்டு இருந்தா அலுவல் நடக்காது, ராஜதந்திரம் எண்டு ஒண்டு இருக்கு, அது எங்களுக்குத் தெரியும்" என்றார். மாமி கேட்டார், "உங்கட ராஜதந்திரத்தில என்ர பிள்ளையின்ர பேர் எந்தப் பக்கத்தில இருக்கு?" அவர் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் நின்றவரிடம் அடுத்த கூட்டம் எத்தனை மணிக்கு என்று விசாரித்தார்.

மிளகாய்க்கண்டு:
பழைய ஆட்களை மட்டும் போட்டு அடிக்காதீர்கள். மாற்றம் என்று வந்தவர்களிடமும் இந்தக் குணம் ஒட்டிவிட்டது. பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் எங்கள் ஐயா, கிழங்கு கிண்டுகிற நேரம் பார்த்து இறக்குமதிக் கிழங்கு சந்தையில் வந்து இறங்குகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். மேசைத் தலைப்பில் இருந்தவர் தொலைபேசியில் தட்டிக்கொண்டே, "சுருக்கமாச் சொல்லுங்கோ ஐயா, எங்களுக்கு வேற வேலையும் இருக்கு" என்றார். ஐயா அன்று தோட்டத்துக்கு இறைப்பை விட்டுவிட்டு வந்தவர்.

ஸ்காபரோ ராசா:
ஊருக்கு வந்திருந்தபோது ஒருவரிடம் வீதி விளக்கைப் பற்றிக் கேட்டேன். "நீங்கள் கனடாவில இருந்து கனக்க யோசிக்கிறியள்" என்றார். சரி, விடுங்கள்.

நீங்கள் எல்லோரும் செய்யவேண்டியது வேறு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறதே. ஒவ்வொரு அரச அலுவலகத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். என்ன தகவல் வேண்டும் என்று தெளிவாக எழுதிக் கொடுங்கள், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்க மறக்க வேண்டாம். தருவதா மறுப்பதா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். இல்லையென்றால் அதே அலுவலகத்தில் மேன்முறையீடு, அதற்கும் அசையாவிட்டால் கொழும்பில் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. கரைவலை, உங்கள் சங்கம் கடிதத் தலைப்பில் எழுதலாம்: எத்தனை படகுகள் பிடிபட்டன, எத்தனை வழக்கு, எத்தனை விடுவிப்பு என்று. பூவரசு, பெரியம்மாவையும் எழுதச் சொல்லுங்கள், அதிபர் என்றால் கையெழுத்து வடிவாக இருக்கும். கூட்டத்துக்குப் போய்க் கதிரையில் இருந்து பேச்சுக் கேட்பதால்தான் அவர்கள் இப்படிப் பேசுகிறார்கள். போகாமல் விடுங்கள்.

பூவரசு:
பெரியம்மாவின் கையெழுத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை ராசா. போகாமல் விட்டால், சனம் வராது, அக்கறை இல்லை என்று அதற்கும் எங்களுக்குத்தான் பேச்சு விழும்.

கரைவலை:
ராசா அண்ணை, எழுதிப் போட்டோம், நீங்கள் சொன்ன அதே சட்டத்தில், போன வருசம். பிந்தித்தான் என்றாலும் பதில் வந்தது. முழுக்கச் சிங்களத்தில். சங்கத்தில் வாசிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை, தெரிந்த ஒரு பெடியன் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன் என்றிருக்கிறான்.