ஹாபென், ஹபேரே: உங்களை இன்னும் உறுத்தும் வினைச்சொல் எது?

கொலோன்வாசி:
ஒன்பதாம் வகுப்பு, இலத்தீன் பாடம். இலத்தீன் 'ஹபேரே', ஜெர்மன் 'ஹாபென்' இரண்டுக்கும் 'வைத்திருத்தல்' என்றே பொருள். "அதிலிருந்துதானே இது வந்தது?" என்று கேட்டேன். ஆசிரியை பதில் சொல்லாமல் பலகையில் எழுதினார். கபுத் – ஹௌப்ட் (தலை). கோர்னூ – ஹோர்ன் (கொம்பு). கென்டும் – ஹுண்டர்ட் (நூறு). நான்காவதாக 'கபெரெ' (பிடித்தல்) என்று எழுதி, பக்கத்தில் இடம் விட்டு, சாக்பீஸை என்னிடம் நீட்டினார்.

இலத்தீன் க வரும் இடத்தில் ஜெர்மனில் ஹ வருகிறது, அதனால் அங்கே எழுத வேண்டியது 'ஹாபென்' என்று எனக்குப் புரிந்துவிட்டது, ஆனால் கை எழவில்லை. ஒலியும் பொருளும் இவ்வளவு ஒத்த இரண்டு சொற்கள் ஒரே வேரில் பிறக்கவில்லை என்பதை இன்றும் மனம் ஏற்க மறுக்கிறது.

ஸ்பானிஷ் மாணவி:
எனக்கும் இதே ஹபேரேதான், ஆனால் வேறு இடத்தில். எதிர்கால வாய்பாட்டை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். பாடுவேன், பாடுவாய், பாடுவான்: காந்தாரே, காந்தாராஸ், காந்தாரா. விரல் தற்செயலாக 'காந்தார்' (பாட) என்ற பகுதியை மறைத்தது. மிஞ்சியது ஏ, ஆஸ், ஆ. ஹபேரேயிலிருந்து வந்த, முந்தின வாரம் படித்த துணைவினை 'அபேர்' அப்படியே அங்கே நின்றது! இலத்தீனின் 'காந்தாரே ஹபேயோ', அதாவது 'பாட வேண்டியிருக்கிறது' என்ற தொடர் தேய்ந்து ஒரே சொல்லாகிவிட்டது. போர்ச்சுகீசியத்தின் எழுத்து வழக்கில் இந்த ஒட்டைப் பிரித்து நடுவே 'அதை' என்ற சொல்லை இன்றும் செருகலாம். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஒலிவிதி:
கொலோன் அக்காவின் கதை பாதியில் நிற்கிறது. ஹாபெனுக்குக் கபெரெ உறவு, சரி. ஹபேரே என்ன அநாதையா? இலத்தீன் ஹ-வுக்கு ஜெர்மனில் எதிரொலி 'கங்கை'யில் வரும் க. ஹோஸ்திஸ் (பகைவன்) – காஸ்ட் (விருந்தாளி), ஹோர்டுஸ் (தோட்டம்) – கார்டென். அந்தக் கணக்கில் ஹபேரேக்குப் பொதுவாகக் காட்டப்படும் ஜெர்மன் உறவு 'கேபென்', அதாவது 'கொடுத்தல்'. ஒரு பக்கம் பிடித்தவன், மறு பக்கம் கொடுத்தவன், இருவரும் 'வைத்திருப்பவன்' என்ற பொருளில் சந்திக்கிறார்கள். காஸ்ட்டும் ஹோஸ்திஸும் ஒன்று என்று ரயிலில் படித்தபோது நான் இறங்க வேண்டிய நிலையத்தை விட்டுவிட்டேன். என் அனுபவம் அவ்வளவுதான்.

ஆனால் புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இரண்டு சொற்கள் ஒத்திருந்தால் முதலில் சந்தேகப்படுங்கள். கிளைமொழிகள் பிரிந்து ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆன பிறகு உறவுச்சொற்கள் மாறித்தான் இருக்க வேண்டும். ஒரு ஜோடியை வைத்து முடிவு கட்டாதீர்கள், அதே மாற்றத்தைக் காட்டும் மூன்று நான்கு சொற்களைத் தேடுங்கள். இன்றைய வடிவத்தை விட்டுப் பழைய வடிவத்தைப் பாருங்கள். மொழியியலாளர்கள் ராஸ்க் 1818இலும் யாக்கோப் கிரிம் 1822இலும் செய்தது இதைத்தான்: ஒற்றைச் சொல்லைப் பார்க்காமல் வரிசையைப் பார்த்தார்கள். கடன்சொற்களை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள், அவை வரிசையைக் குழப்பும்.

மாஸ்கோ மருத்துவம்:
எல்லாரும் 'வைத்திரு' என்ற வினையைச் சுற்றியே பேசுகிறீர்கள். ரஷ்யர்கள் அன்றாடப் பேச்சில் அதைப் பெரும்பாலும் தொடுவதே இல்லை. 'இமேத்' என்ற வினை உண்டு, ஆனால் உரிமை, அர்த்தம் போன்ற அருவச் சொற்களோடுதான் அதிகம் வரும். பேச்சில் 'உ மின்யா யேஸ்த்', என்னிடம் இருக்கிறது. ஃபின்னிஷ், ஐரிஷ் மொழிகளிலும் இதே போக்குத்தான்.

முதல் மாதம், காய்கறிச் சந்தை. கடைக்காரப் பாட்டி சில்லறை இருக்கிறதா என்று கேட்டார். கூட வந்த ஸ்பானிஷ் தோழன் வினையைத் தேடித் தடுமாறினான். நான் யோசிக்கவே இல்லை. "யேஸ்த்" என்று சொல்லி நாணயத்தை நீட்டினேன். "இருக்கு பாட்டி" என்று ஊரில் சொல்வது போலவே வாயிலிருந்து வந்தது.

கொலோன்வாசி:
தம்பி ஒலிவிதி, கேபென் அன்றைக்குப் பலகையில் வரவில்லை. வந்திருந்தால் சாக்பீஸை வாங்கியிருப்பேன்.